காலிப் பெட்டியை எடுத்தவர்

அலுவலகத்தில் அத்தானுக்குத் 'தொடப்பம்' என்று பெயர். கண் மருத்துவமனை ஒன்றின் இணையப் பக்கங்களை எழுதுவது அவர் வேலை. பழைய பக்கத்தைக் கொடுத்தால் வேண்டாததையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வீட்டிலும் அப்படியே. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அக்கா வீட்டில் வந்து இறங்கிய நான், கூடத்தில் பையை வைக்கவே பயப்படுவேன்.

"பையோட உன்னையும் தூக்கிப் போட்டுடுவாருடி" என்பாள் அக்கா.

இணையப் பக்கம் என்பது பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கியது. பெட்டிக்கு 'டிவ்' என்று பெயர். தன்னளவில் அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. நோயாளிகளுக்கு வரிசை எண் காட்டும் டோக்கன் பக்கத்தைச் சுத்தம் செய்தபோது, உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாத டிவ் ஒன்று அத்தான் கண்ணில் பட்டது. திரையிலும் அது தெரியவில்லை. எடுத்துவிட்டார். பக்கம் முன்போலவே இருந்தது.

டோக்கன் மாறும்போதெல்லாம் வேறொரு கணினி நிரல் அந்தப் பெட்டிக்குள்தான் எண்ணை எழுதும். பார்வை குறைந்தவர்களின் கைபேசி அதை உரக்கப் படிக்கும். பெட்டியைக் காணாத நிரல் சும்மா இருந்துவிட்டது. ஒரு கண்ணை இழந்து, மறு கண்ணைக் காப்பாற்ற வந்திருந்த தையல்கார அம்மா ஒருவர், டாக்டர் கிளம்பிப் போகும்வரை தன் எண்ணுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

திட்டு விழுந்தது நிரல் எழுதிய பெண்ணுக்கு. அத்தானும் அங்கேதான் இருந்தார்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் அக்கா, அன்று ராத்திரி சாப்பாட்டின்போது.

"வாய் வரலை." தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "காலியா இருக்கேன்னு எடுத்துட்டேன். அதை யாரு தேடி வருவாங்கன்னு கேக்கவே இல்லை."

மறுநாள் பெட்டியைத் திரும்ப வைத்தார். மேலிடம் பார்த்து ஒப்புதல் தந்து அது நடப்புக்கு வரும்வரை டோக்கனை யாராவது வாயால் கூப்பிட வேண்டும். நானே கூப்பிடுகிறேன் என்று மருத்துவமனைக் கூடத்தில் போய் நின்றார். வீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும், கூடவே போனேன்.

அவர் கூப்பிட்டது முன்வரிசைக்கே கேட்கவில்லை.

"என்ன தம்பி, ரகசியமா சொல்றே? கடன்காரனைக் கண்டவன் மாதிரி!" என்றார் தையல்கார அம்மா. கூடம் சிரித்தது. அவரே தொடர்ந்தார்: "நேத்து அந்தப் பொண்ணு வந்து மன்னிப்புக் கேட்டுச்சு. பாவம், அழுதுடுச்சு."

அத்தானின் முகம் செத்துவிட்டது. "அவங்க மேல தப்பில்லைம்மா. நான்தான்…"

"எதுக்கு முணுமுணுக்கறே? காதுல விழலை."

"நான்தாம்மா அதைக் கெடுத்தேன்! அவங்க இல்லை!"

இந்த முறை கூடம் முழுவதும் கேட்டது. கவுன்டர் பக்கம் மடிக்கணினியோடு நின்றிருந்த அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். அத்தான் தலையைத் தூக்கவில்லை.

அடுத்த டோக்கனை, அவர் பக்கத்தில் வந்து நின்று, அவள்தான் கூப்பிட்டாள்.