கிரகணத்தில் கடித்த நூல்

திண்டுக்கல் வெயிலுக்குக் கம்பளிப் போர்வை எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. எனக்கில்லை, கொடைக்கானலில் வாக்கப்பட்ட என் அக்காவுக்கு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. தொண்ணூறுகளின் நடுவில், மூத்த பிள்ளை வயிற்றில் இருந்த சமயம். அம்மா தவறிவிட்டதால் பிரசவமும் மாமியார் வீட்டில்தான் என்று ஆகியிருந்தது. பகல் முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா?

பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் கற்ற குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னல் கைவசம் இருந்தது. சதுரம் சதுரமாகப் பின்னி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை. ஆனால் தட்டையாகப் பின்னுவது எனக்குப் பிடிக்காது. ஒரே கண்ணியில் ஐந்து முறை உல்லன் நூலை இழுத்து, ஐந்தையும் சேர்த்து ஒன்றாகச் சுருக்கினால் ஒரு குமிழ் எழும். வரிசையாகக் குமிழ் வைத்த சதுரத்தைத் தடவிப் பார்த்தால் சீத்தாப்பழத்தோல் மாதிரி இருக்கும். நூலை அநியாயத்துக்குத் தின்னும். தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு சூரிய கிரகணம் வந்தது. காலையிலேயே பிடிக்கிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சு. என் மாமியாருக்குப் பூர்வீகம் சாணார்பட்டிப் பக்கம், காடு கரையோடு வளர்ந்தவர். முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். மாசமாக இருப்பவள் வெளியே தலை காட்டக் கூடாது. கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் எதையும் தொடக் கூடாது. எதையாவது வெட்டினாலோ அறுத்தாலோ பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும். ஊறுகாய் ஜாடியில் தர்ப்பையைப் போட்டார், ஜன்னலில் பழைய சேலையைக் கட்டினார், என் தையல் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். டிகிரி படித்த திமிரில் நான் உள்ளுக்குள் சிரித்தேன். என் வீட்டுக்காரர் வேடசந்தூர் மில்லில் வேலை. மில்லுக்கு ஏது கிரகணம்? விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டார்.

இருட்டறையில் படுத்துப் படுத்துப் பார்த்தேன், பொழுது போகவில்லை. தலையணைக்கு அடியில் கை பட்டது. பாதி பின்னிய சதுரமும் கொக்கி ஊசியும் அங்கேயே கிடந்தன. இதற்கு முனையா இருக்கிறது, குத்தவா போகிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பின்ன ஆரம்பித்தேன். குமிழ் வைக்க வெளிச்சம் வேண்டாம், விரலே எண்ணிக்கொள்ளும். வரிசை முடிந்து நிறம் மாற்ற வேண்டிய இடம் வந்தது. கத்தரிக்கோல் பீரோவில். தொடக் கூடாதது கத்தரிக்கோல்தானே? நூலை வாயில் வைத்துப் பல்லால் கடித்து அறுத்தேன்.

நூலின் பிசிறு மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிடப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஐயோ, அறுத்துவிட்டேனே. கத்தரியால்கூட இல்லை, வாயாலேயே அறுத்திருக்கிறேனே. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரட்டுப் புரண்டது.

கிரகணம் விட்டதும் அத்தை என்னைத் தலைக்குக் குளிக்கச் சொன்னார். அழுதது தெரியாமல் இருக்க அது வசதியாகப் போயிற்று. இவரிடம் சொன்னால் சிரிப்பார், சிரித்துவிட்டு நேரே போய் அவர் அம்மாவிடம் சொல்வார். அதனால் வாயைத் திறக்கவில்லை. சதுரத்தைப் பிரித்துவிடலாமா என்று எடுத்தேன். பிரிப்பது ஒரு வினையாகிவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் பயம். மஞ்சப்பையில் சுருட்டிப் பரணில் எறிந்தேன்.

சாணார்பட்டியில் எங்கள் சொந்தத்தில் உதடு பிளந்து பிறந்த ஒரு பெண் உண்டு. கெட்டிக்காரி, படிப்பில் முதல். ஊர் அவளை ஒன்றும் சொல்லாது. அவள் அம்மாவைத்தான் சொல்லும். கிரகணத்தில் கத்தரிக்காய் நறுக்கினவள் என்று, பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்துச் சொல்லும். அந்தத் தாய்க்காரி தலை நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் கைக்குழந்தையைக் கண்டால் என் கண் முதலில் உதட்டுக்குத்தான் போனது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் டாக்டரம்மாவிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். உதடெல்லாம் மூன்றாம் மாதத்துக்குள்ளேயே சேர்ந்துவிடும், அப்படியே இருந்தாலும் ஆபரேஷனில் சரி செய்துவிடலாம், கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சிரித்தார். வீட்டுக்கு வரும்வரை நிம்மதியாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மூன்றாம் மாதத்தில் என்ன செய்து தொலைத்தேனோ என்று புதிதாக ஆரம்பித்துவிட்டது. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அத்தை சாப்பாடு போடும்போது அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசும். அவரும் அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை.

மாசியில் வலி வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் அழுகை கேட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பொம்பளைப் பிள்ளை என்று நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது. காட்ட வந்தபோது தலை சுற்றுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்ற பிள்ளையைப் பார்க்கத் தைரியம் இல்லாத ஒரு தாய். அறைக்குக் கொண்டுவந்து போட்ட பிறகும் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தேன்.

பிள்ளையை அத்தைதான் கையில் வாங்கினார். அவர் என்ன செய்தார் என்று நர்ஸ் அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யார் ஜாடை என்று பார்க்கவில்லை. கை கால் விரல்களைப் பார்க்கவில்லை. சுண்டுவிரலைக் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளையின் மேலுதட்டை மெல்ல நீவி, வாய்க்குள் விட்டு அண்ணத்தைத் தடவினார். பிள்ளை அந்த விரலைச் சப்பும் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் சேந்துதான் இருக்கு தாயி," என்றார்.

நான் எதுவும் கேட்கவே இல்லை. எது அத்தை என்றேன்.

"அன்னைக்கு நீ நூலக் கடிச்சப்ப கதவுகிட்டத்தான நின்னேன். சொன்னா நீ பயந்துருவ. மாசமா இருக்கவ பயப்படக் கூடாதுல்ல. அதான் நான் பயந்துக்கிட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாமே. வாயில் வந்ததை அப்படியே கேட்டும்விட்டேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பிள்ளையை என் பக்கத்தில் படுக்க வைத்தார். அதற்கு அப்புறம்தான் நான் அதன் உதட்டைப் பார்த்தேன்.