நேசம் தோற்ற விவாதம்

நாற்பத்திரண்டு வயதுவரை நேசம் பொது இடத்தில் தன் கருத்தென்று ஒன்றைச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணின் தொழில் அப்படி. கொழும்பு, புதுக்கடை நீதிமன்றத்தில் தமிழ் – சிங்கள மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்வார். "நான் கண்டேன்", "நான் அடித்தேன்" என்று சாட்சியின் வாயாகவே நின்று சொல்வார். பதினெட்டு வருடங்களாக ஊராரின் கோபத்தையும் பொய்யையும் அழுகையையும் தன் குரலில் சொல்லிவிட்டு, பின்னேரங்களில் பேசாமல் கொட்டாஞ்சேனைக்கு நடந்து வீடு திரும்பினார்.

அவரை எங்கள் விவாத வட்டத்துக்கு அழைத்துவந்தவர் மர்ஸூக். ஜம்பட்டா வீதியில் கொப்பி, பேனை விற்கும் கடை வைத்திருந்தவர். மாதத்தின் முதல் ஞாயிறு, பின்னேரம் நாலு மணிக்கு, தனியார் வகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டரியின் அறையில் முப்பது பேரளவில் கூடுவோம். குறிப்பெழுதுவது என் வேலை. யுத்த காலம். முப்பது தமிழ்க் குரல்கள் சாத்திய கதவுக்குள் கேட்டால் பொலிஸ் வந்து நிற்கும். ஆகவே கதவைத் திறந்தே வைப்போம். தலைப்பைச் சிங்களத்திலும் எழுதி முன்கூட்டியே பொலிஸ் நிலையத்தில் கொடுத்துவிடுவோம். யுத்தத்தைத் தவிர மற்றதெல்லாம் கதைத்தோம். மதம் மாறிக் கலியாணம் செய்வது, தாய்மார் வீட்டுவேலைக்கு வெளிநாடு போவது என்று வீட்டில் கதைத்தால் சண்டையில் முடிகிற விஷயங்கள்தான் அதிகம்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, தூக்குத் தண்டனையைத் திரும்ப நிறைவேற்றலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. பத்திரிகையிலும் பஸ்ஸிலும் கோயில் வாசலிலும் அதே கதை. யூலை மாதத்துக்கு நாங்களும் அதையே தலைப்பாக வைத்தோம். 'வேண்டாம்' என்று பேச ஆள் கிடைக்காமல் மர்ஸூக் நேசத்தைக் கேட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் ஒப்புக்கொண்டார்.

அன்று அவர் பேசத் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. இரண்டாவது வரிசையிலிருந்து சவுந்தரநாயகம் எழுந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று வருடங்களுக்கு முன் கோட்டையில் வெடித்த குண்டில் அவருடைய ஒரே மகன் பேர்னாட் இறந்துபோனான்.

"நிப்பாட்டு பிள்ளை!" என்றார். "உன்ர வீட்டில ஆர் செத்தது? ஒருத்தருமில்லை. அதுதான் இவ்வளவு வடிவாக் கதைக்கிறாய்."

கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ரியூட்டரிக்காரர் வந்து, இப்படியென்றால் இனி அறை தரமாட்டேன் என்றார்.

"மிஸ், இந்தத் தலைப்ப விட்டுடுவம்," என்றார் மர்ஸூக் நேசத்திடம்.

"விடவேண்டாம். அடுத்த மாசமும் இதையே வைப்பம். அதுக்குள்ள எனக்கு ஒரு வேலை இருக்கு."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நேசம் நேரே சவுந்தரநாயகத்தின் வீட்டுக்குப் போனார். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"சமாதானம் கதைக்க வந்தனியோ?"

"இல்லை அங்கிள். நீங்கள் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லேல்லை. கேக்க வந்தனான்."

இரண்டு மணித்தியாலம் அவர் சொல்லச் சொல்ல நேசம் ஒரு கொப்பியில் எழுதினார். ஒரு இடத்திலும் மறுத்துப் பேசவில்லை.

ஓகஸ்ட் கூட்டத்துக்குச் சவுந்தரநாயகம் வந்து கதவடியில் இருந்தார். நேசம் எழுந்து, "முதல்ல அங்கிளின்ர பக்கத்தைச் சொல்லுறன். பிழையெண்டால் அவர் என்னை நிப்பாட்டலாம்," என்றார். நீதிமன்றத்தில் நிற்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"நான் ஒரு தகப்பன். என்ர மகனைச் சவச்சாலையில பாக்கப் போகேக்க வழியில ஆமிக்காரங்கள் என்னை மறிச்சவங்கள். தமிழன் எண்டு அரை மணித்தியாலம் ஓரமா இருத்தி வைச்சவங்கள். குண்டு வைச்சவனும் எங்களை மனுசரா எண்ணேல்லை, மறிச்சவனும் எண்ணேல்லை. நான் பழி கேக்கேல்லை. என்ர மகன்ர உயிர் பெரிசெண்டு இந்த நாடு ஒருக்காலாவது சொல்லவேணும். தூக்கை விட்டால் அதை வேற எது சொல்லும்?"

எல்லோரும் கதவடியைப் பார்த்தார்கள். சவுந்தரநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றார். "அதுதான் நான் சொல்ல வந்தது."

"இப்ப என்ர பக்கம்," என்றார் நேசம். மற்றவர்களின் வார்த்தைகளைச் சொன்னபோது நடுங்காத குரல் இப்போது நடுங்கியது.

"ஒரு கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்கு இருபது வயது. செத்தவருக்குத் துவக்குச் சூடு பட்டிருந்தது. 'அண்டைக்கு அந்த இடத்தில என்ன செய்தனீ?' எண்டு கேட்டவை. 'சுட்டுக்கொண்டு நிண்டனாங்கள்' எண்டான். நான் 'துவக்கால சுட்டுக்கொண்டு நிண்டனாங்கள்' எண்டு சிங்களத்தில சொல்லிப்போட்டன். அவன் செங்கல் சூளையில வேலை செய்யிறவன். கல்லுச் சுட்டதைத்தான் அவன் சொன்னவன். அடுத்த நாள் தற்செயலா வழக்குக் கடதாசிக் கட்டில அவன்ர தொழிலைக் கண்டன். ஓடிப்போய் நீதிபதியிட்டச் சொல்லித் திருத்தினன். காணாமல் விட்டிருந்தால்? சிறையில கிடக்கிறவனைத் திரும்ப வெளியில எடுக்கலாம். தூக்கில போட்டவனை நான் எப்பிடி எடுக்கிறது?"

இப்படிப் பிழை விட்டதை ஒரு மொழிபெயர்ப்பாளர் ஊரறியச் சொன்னால் அவருடைய பெயர் என்னாகும் என்று எங்களுக்குத் தெரியும். நான் பேனையை வைத்துவிட்டேன். அந்தப் பகுதியைக் குறிப்பில் எழுதவில்லை.

"அந்தப் பெடியன்?" கேட்டவர் சவுந்தரநாயகம்.

"விட்டிட்டினம் அங்கிள். போன வருசம் கலியாணம் கட்டினவன் எண்டு தாய் சொன்னவ."

கை உயர்த்தச் சொன்னோம். தூக்கு வேண்டும் என்று பதினேழு கைகள். வேண்டாம் என்று பன்னிரண்டு. நேசம் தோற்றார். சவுந்தரநாயகம் இரண்டு தடவையும் கை உயர்த்தவில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "நான் மாறேல்லை, பிள்ளை," என்றார். "கை தூக்க மனம் வரேல்லை. அவ்வளவுதான்."

"அது போதும் அங்கிள்."

இருவரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். நானும் பின்னால் போனேன். முதல்முறையாகச் சவுந்தரநாயகம் மகனைப் பற்றி, சாவைச் சேர்க்காமல் கதைத்தார். பேர்னாட் மீன்குழம்பில் தலையை யாருக்கும் விடமாட்டானாம். கிரிக்கெட் என்றால் ரேடியோவோடு வாக்குவாதப்படுவானாம். நேசம் சிரித்தது எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் ஒரே விதி. எதிராளி சொன்னதை அவர் 'ஓம்' என்னும்வரை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கலாம். தொடக்கத்தில் பலருக்கு அது எரிச்சலாக இருந்தது. பாதிப் பேருக்கு மூன்றாம் தடவைதான் சரிவந்தது. ஆனால் கதிரையைத் தள்ளிவிட்டு யாரும் போகவில்லை. ரியூட்டரிக்காரரும் அறையைத் தந்துகொண்டே இருந்தார்.

அடுத்த தலைப்பு சீதனம். கொடுப்பதில் பிழையில்லை என்று பேசச் சவுந்தரநாயகம் தானாகவே பெயர் கொடுத்தார்.

"எதிர்ப்பக்கம் ஆர்?"

"நேசம் மிஸ்தான்," என்றார் மர்ஸூக்.

"அப்ப சரி. அவ என்னை லேசில விடமாட்டா."

சீதன விவாதத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். களனியிலிருந்து தமிழ் தெரிந்த இரண்டு சிங்கள ஆசிரியைகளும் வந்திருந்தார்கள். இருக்க இடம் போதாமல், மர்ஸூக் தன் கடையிலிருந்து வாங்குப் பலகைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.