ஷட்டவுன் நாள் கச்சேரி

கச்சேரி நடத்துகிற தொழிலுக்குக் காதுகூட அப்புறம்தான். முதலில் வேண்டியது நல்ல எருமைத்தோல். பத்து நாற்காலியைப் போட்டு, சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, கடைசியில் ஊர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக பாவிகள் அங்கங்கே இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை.

எனக்குக் குமாரபாளையத்தில் எட்டுத் தறிப் பட்டறை. வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வருசத்தில் பாதி நாள் வடக்கே போர்வெல் போடப் போய்விடுவார். பட்டறைக்கு முதலாளி, மேஸ்திரி, காவல்காரி எல்லாம் நான்தான். ஒரு நாள் நூல் வாங்கச் சேலம் போனபோது, ஒரு காபிக் கடை மாடியிலிருந்து கிட்டார் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தேன். ஒரு பெண் தானே எழுதின பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். கேட்க ஒன்பது பேர். பேர் கௌசல்யா, ஓமலூர்க்காரி, துணிக்கடையில் பில் போடுகிற வேலை. வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வருகிற ஒருத்தி, தன் ஸ்டாப் வந்தும் இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், பாட்டு அவ்வளவுதான். நூல் கடையை அன்றைக்கு நான் எட்டிப் பார்க்கவே இல்லை.

அப்போது பிடித்த பைத்தியம், இந்தப் பிள்ளைகளை எங்கள் ஊர்க்காரர்களுக்கும் கேட்க வைத்தே தீருவது என்று முடிந்தது.

காதோடு காதாக

எங்கள் ஊரில் கச்சேரிக்கு எதிரி தறிச்சத்தம். தெருவுக்குத் தெரு பட்டறை, பொழுதுக்கும் தடதடவென்று ஓடும். அது ஓயும் நாள் மாதத்தில் ஒன்றே ஒன்றுதான்: பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட்டை நிறுத்தும் ஷட்டவுன் நாள். அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணிக்கு, என் பட்டறையிலேயே, மைக் இல்லாமல் கச்சேரி என்று ஏற்பாடு செய்தேன். முதல் கச்சேரி கௌசல்யாவுடையது. பதினாலு பேர் வந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

ஆனால் ஒன்றை நான் கணக்கில் வைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் தறிச்சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகினவர்கள் எங்கள் ஆட்கள். எதிர்ப் பட்டறை பழனிச்சாமியண்ணன், பாட்டின் நடுவே பக்கத்தில் இருந்தவர் காதில் ரகசியமாகத்தான் சொன்னார். அந்த ரகசியம் முக்குக்கடை வரைக்கும் கேட்டது. கௌசல்யா பாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"புள்ளை நல்லாத்தானுங்க பாடுது. ஆனா ஏன் இத்தனை மெதுவாப் பாடுது, கரண்ட் இல்லாததாலயா?"

எப்ப ஆரம்பிப்பீங்க?

நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். என் பட்டறையில் சினிமாப் பாட்டு கிடையாது. அதைக் கேட்கத்தான் போன் இருக்கிறது, பஸ் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கல்யாணம் இருக்கிறது. வாசலிலேயே எழுதி ஒட்டியும் வைத்தேன்.

இரண்டாவது மாதம் பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, கௌசல்யா பாடிய ஐந்து பாட்டையும் கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கானால் பெருமை தாங்கவில்லை. அப்படி ஒரு ரசிகர் நம் ஊரில் இருக்கிறாரே என்று டீயை முதலில் அவருக்கே நீட்டினேன். டீயை வாங்கிக்கொண்டு பணிவாகக் கேட்டார்:

"டெஸ்டிங்கெல்லாம் நல்லா இருந்துச்சுங்க. கச்சேரியை எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

பைபாஸ் வரைக்கும்

கச்சேரி நடத்துகிறவள் மற்ற கச்சேரிகளுக்கும் போக வேண்டும், இல்லாவிட்டால் புது ஆள் எப்படிக் கிடைக்கும்? நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், மோகனூர் பையன் ஒருவன் புல்லாங்குழல் வாசிப்பதாகச் சொன்னார்கள். போனேன். புதிதாகக் கட்டி முடித்த லாரியின் தொட்டிதான் மேடை. பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. பையன் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானே மெட்டமைத்த ஒன்றை வாசிக்க ஆரம்பித்தான். அடடா, அந்த மாதிரி ஒரு மூச்சு!

பாதியில் லாரிக்காரர் மாலை, எலுமிச்சம்பழம் சகிதம் வந்து இறங்கினார். வண்டியை எடுக்க அவர் குறித்த நல்ல நேரம் இன்னும் ஐந்து நிமிசம்தானாம். பட்டறைக்காரர் கெஞ்சிப் பார்த்தார். நான் என் பங்குக்குச் சண்டைக்கே போனேன். அந்த மனுசர் கொஞ்சமும் கோபப்படவில்லை. டயருக்கு அடியில் பழத்தை வைத்துவிட்டு, மேலே இருந்த பையனை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"நீ நிறுத்தாத சாமி, ஊதிட்டே இரு. பைபாஸ் வரைக்கும் நான் மெதுவாத்தான் போவேன்."

பிளக் பாயிண்ட்

இது முழுக்க முழுக்க என் தப்பு. ராசிபுரத்தில் ஒரு மாடியில் தம்மம்பட்டித் தம்பி ஒருவரின் இசையைக் கேட்டு மயங்கிப் போனேன். மழை பெய்வது போல ஒன்று, மலையடிவாரத்தில் மாடு மேய்வது போல ஒன்று. உடனே அடுத்த ஷட்டவுன் நாளுக்கு வரச்சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தம்பி இரண்டு பையோடு வந்து இறங்கி, ஒரு லேப்டாப், ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக அடுக்கிவிட்டு, "பிளக் பாயிண்ட் எங்கீங்கக்கா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கரண்ட் இல்லாத நாளில் கரண்ட்டிலேயே வாழ்கிற இசையைக் கூப்பிட்டு வைத்திருக்கிறேன். நல்ல கெட்டிக்காரி!

லேப்டாப்பில் இருந்த சார்ஜை நம்பி, அதன் சொந்த ஸ்பீக்கரிலேயே ஆரம்பித்தார். சத்தம் கொசுவைவிடக் கொஞ்சம் பெரிது. எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தச் சின்னப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். இருபத்தைந்து நிமிசத்தில் திரை அணைந்தது. தம்பி முகம் சுண்டிப்போனது. பழனிச்சாமியண்ணன் எழுந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"விடுங்க தம்பி. எங்க தறியும் இப்படித்தான், நல்லா ஓடிட்டிருக்கும்போதுதான் நிக்கும்."

ஒரே ஒரு வரி

புது ஆட்கள் வருவார்கள் போவார்கள். கௌசல்யா மட்டும் மாதாமாதம் லீவு போட்டுவிட்டு வந்து, கடைசியில் நாலு பாட்டுப் பாடுவாள். ஆறாவது மாதக் கச்சேரிக்கு முந்தின வாரம் போன் செய்தாள். சேலத்தில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ரிசப்ஷன், திருவிழா என்று வருசம் முழுக்க மேடை. ஒரு நிபந்தனை: சேர்ந்துவிட்டால் வேறு எங்கேயும் பாடக் கூடாது, சொந்தப் பாட்டு எந்த மேடையிலும் கூடாது. அவள் அம்மாவுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. ஷட்டவுன் நாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் சும்மா இருப்பேனா? "அதெல்லாம் வேண்டாங்கண்ணு, இங்க உன்ற பாட்டுக்குன்னே எத்தனை பேர் வாராங்க!" என்றேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "வாராங்கக்கா. ஆனா என் பாட்டுல ஒரு வரி, ஒரே ஒரு வரி, ஆருக்காச்சும் ஞாபகம் இருக்குதுங்களா? அப்படி ஒரு ஆளைக் காட்டுங்க, நான் போகலை." ஏன், எனக்கே இருக்கிறதே என்று வாயைத் திறந்தேன். பஸ் வந்தது, ஸ்டாப் வந்தது, டிரைவர்கூட வந்தார். வரி மட்டும் வரவில்லை. இருமினேன், தண்ணீர் குடித்தேன், ம்ஹூம். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

"பரவால்லீங்க. உங்களுக்கே வரலைன்னா அவங்களைச் சொல்லி என்ன ஆகப்போவுதுங்க?"

சிபாரிசு

நேர்வழி அடைத்துக்கொண்டால் குறுக்குவழி. என் பட்டறையில் தறி ஓட்டும் சுப்பிரமணியைக் கூப்பிட்டு, கௌசல்யா பாட வந்ததும் எழுந்து நின்று, 'அந்த டவுன் பஸ் பாட்டைப் பாடுங்க, மாசம் பூரா அதையேதான் முணுமுணுத்துக்கிட்டு இருக்கறேன்' என்று சொல்ல வேண்டும் என்றேன். நாலு முறை சொல்ல வைத்துப் பார்த்தேன். கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னார்.

அன்றைக்கு எழுந்து நின்றார். கௌசல்யாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே உத்தரத்தைப் பார்த்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"அக்கா பஸ் பாட்டைக் கேக்கச் சொன்னாங்க. பாடாட்டியும் ஒண்ணும் தப்பில்லீங்க."

கரண்ட் வந்துவிட்டது

கௌசல்யா அந்தப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நல்லாத்தான் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். பாட்டு முடிய ஒரு சரணம் இருக்கும்போது தலைக்கு மேலே குழல்விளக்கு கண்ணைச் சிமிட்டியது. மணி மூன்றரைகூட ஆகவில்லை. வேலை சீக்கிரம் முடிந்து கரண்ட் வந்துவிட்டது. எதிர்ப் பட்டறையில் முதல் தறி ஓடியது, அப்புறம் தெருவே ஓடியது. எல்லோரும் எழுந்தார்கள். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறதே என்று ஓடத்தான் செய்வார்கள். நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். சுப்பிரமணியும் போய், பாவு தீர்ந்து நின்ற ஒன்றை விட்டு மீதி ஏழு தறியையும் ஓட்டிவிட்டார். இரண்டு நிமிசத்தில் நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன. கௌசல்யா கிட்டாரை உறையில் போட்டாள். போனை எடுத்து ஆர்க்கெஸ்ட்ராக்காரர் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகாதே என்று சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அப்போதுதான் மூலையில் இருந்து ஒரு குரல், "ஏங்கண்ணு!" என்றது. ராஜாமணி. பாவு என்கிற நெடுக்கு நூலைப் பிணைக்கிறவள், என் வயசுதான். தீர்ந்துபோன பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் முடிவது அவள் வேலை. அதற்குக் கரண்ட் வேண்டாம், தறி நின்றால் போதும். அதனால் ஒவ்வொரு ஷட்டவுன் நாளும் எட்டாவது தறியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, கை தட்டியதில்லை. வந்தவர்களை எண்ணும்போது நான் அவளை எண்ணியதே இல்லை. இப்போதும் திரும்பாமலே, தறிச்சத்தத்துக்கு மேலே கத்தினாள்: "அந்த டிரைவரண்ணன் அடியை எதுக்குக் கண்ணு மாத்திப்போட்ட? 'எறங்க மனசில்ல டிரைவரண்ணே, இன்னொரு ரவுண்டு போங்க'ன்னுதான எப்பவும் பாடுவ? இன்னைக்கு 'எறங்கிக்கறேன் டிரைவரண்ணே, இத்தோட போதுங்க'ன்னுட்டியே!"

நான் கௌசல்யாவைப் பார்த்தேன். அவள் முகம் மாறிவிட்டது. போகிறேன் என்பதை அவள் பாட்டிலேயே சொல்லிவிட்டிருக்கிறாள்; ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்கு அது காதிலேயே விழவில்லை. கௌசல்யா மெதுவாக நடந்து போய் ராஜாமணி பக்கத்தில், ஊடை நூல் சுற்றின தாரைப் போட்டுவைக்கிற பெட்டிமேல் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான், அதில் மறைக்க என்ன இருக்கிறது? "மாத்துனது நல்லா இல்லீங்களாக்கா?" என்று ராஜாமணி காதருகே குனிந்து கத்திக் கேட்டாள். ராஜாமணி ஒரு முடிச்சை முடித்துவிட்டு அடுத்த இழையை எடுத்தாள்.

"நல்லா இல்லாம என்ன? ஆனா எனக்கு இன்னும் ஆயிரம் இழை பாக்கி இருக்குது. அந்தப் புள்ளையை இப்பவே எறக்கிவிட்டுட்டா நான் ஆரு கூடக் கண்ணு போறது?"

அன்று சாயங்காலம் கௌசல்யா ஆர்க்கெஸ்ட்ராவுக்கு "வரலைங்க" என்று சொல்லிவிட்டாள். பாட்டுக்காரர்களைத் தேடிச் சேலம், நாமக்கல், ராசிபுரம் என்று அலைந்த நானோ, பாட்டைக் கேட்கிற ஆளைத் தேடி என் சொந்தப் பட்டறையில் எட்டாவது தறி வரைக்கும் நடந்து பார்க்கவே இல்லை.