முட்டைக்கு உசிலி வேஷம்

மகன் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. திங்கள் கீரை, செவ்வாய் பயறு, புதன் கேரட் என்று போகிறது. டப்பாவை மூடுவதற்கு முன்னால் படம் எடுத்து, எட்டரைக்குள் வகுப்புக் குழுவில் போட வேண்டுமாம். நல்லதுக்குத்தானே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டுச் சோற்று டப்பாவைத் திறந்து பார்க்கிறேன் என்று யார் கிளம்பினாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் என் கூடப் பிறந்த வியாதி. காரணமில்லாமல் ஒருத்தர் நலம் விசாரித்தால், அடுத்து என்ன கேட்கப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

புதன்கிழமை குழுவைத் திறந்தால் ஒரே கேரட். அத்தனையும் வட்ட வட்டமாக, பளபளவென்று. இம்புட்டுக் கேரட்டையும் இந்தப் பிள்ளைகள் தின்கிறார்களா? நானும் யோக்கியம் இல்லை, நல்ல துண்டாகப் பார்த்து மேலே அடுக்கித்தான் படம் எடுத்தேன். பக்கத்தில் நின்ற மகன் கேட்டான். இரண்டாம் வகுப்புத்தான் படிக்கிறான்.

"அம்மா, இது போட்டோவுக்கா, எனக்கா?"

மூடியை அழுத்தினேன். மூடும்போது சூட்டு ஆவி ஒன்று எழுந்து முகத்தில் அடித்தது பாருங்கள், அந்த வாசம் என்னை நேரே என் முதல் வேலைக்குக் கொண்டுபோய் விட்டது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளி. நான்காம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். ஜன்னல் சின்னது. மத்தியானம் நாற்பது மூடியும் ஒன்றாகத் திறந்தால் புளியும் எலுமிச்சையும் நல்லெண்ணெயும் கலந்து கப்பென்று அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. தவக்காலம் வந்தால் அப்பா கறியை விட்டுவிடுவார். நான் கறியை விடுவேன், அதை நினைப்பதை விடமாட்டேன். சாப்பாட்டு விஷயத்தில் அவ்வளவு பலவீனமான ஆத்துமா நான்.

அந்தப் பள்ளியில் ஒரு சட்டம் இருந்தது. கறி, மீன், முட்டை கொண்டுவரக் கூடாது. சுத்தம் என்றார்கள், ஆரோக்கியம் என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு ஆசிரியர் வரிசையாக நடந்து டப்பாக்களைப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். ஹெச்.எம். மேடம் நல்லவர்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம். பிறந்ததிலிருந்து சைவம். வருஷம் முழுக்கச் சைனஸ், கைக்குட்டை மூக்கை விட்டு இறங்காது.

என் வகுப்பில் தனலெட்சுமி என்று ஒரு பெண். நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம். அங்கிருந்து வேனில் வருவாள். ஆனி மாதத்தில் இரண்டு தடவை பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் கம்மி என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா பூ எடுத்த கையோடு ஓடி வந்து, என்னையும் வைத்துக்கொண்டு ஹெச்.எம்மிடம் கேட்டது.

"டாக்டரு தினம் ஒரு முட்டை குடுக்கச் சொல்லிட்டாருங்க மேடம். காலைல வேனுக்கு ஓடுற ஓட்டத்துல பிள்ளைக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது. ராத்திரி சட்டியை இறக்குறதுக்குள்ள தூங்கிப்போகுது. மத்தியானம் ஒருவேளைதான் ஒழுங்கா திங்குறா."

"ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கொண்டு வருவாங்கம்மா" என்றார் மேடம்.

அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. அந்தத் தலையாட்டலையே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரத்திலிருந்து தனலெட்சுமியின் டப்பாவில் தினமும் பருப்பு உசிலி. பீன்ஸைப் பொடியாக அரிந்து, மஞ்சளாக உதிர்த்து, மிளகும் கறிவேப்பிலையும் தாராளமாகப் போட்டு. பார்த்தால் உசிலியேதான். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் முட்டைப் பொடிமாஸை என் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

"என்னத்தா வெஞ்சனம்?"

"உசிலி டீச்சர்."

கண்ணை இமைக்காமல் சொன்னாள். ஒன்பது வயசில் என்ன தைரியம்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நோட்டில் 'பருப்பு உசிலி' என்று எழுதினேன். இரண்டு மாதம் எழுதினேன். பிள்ளை கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. பிரார்த்தனையில் நேராக நின்றாள்.

அப்போதுதான் ஹெச்.எம். ஒருநாள் என்னை நிறுத்தி, "உங்க வகுப்புல மட்டும் ஒரு புகாரும் இல்லையே, எப்படி மிஸ்?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டிருப்பார். எனக்குப் பாராட்டு மாதிரி படவில்லை. யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். வேன்காரரா, ஆயாவா, முன் பெஞ்சுப் பையனா? வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் என் சம்பளத்தை நம்பியிருந்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

மறுநாள் மத்தியானம் மேடமே வகுப்புக்குள் வந்தார். நேரே நடந்து தனலெட்சுமி முன்னால் நின்றார். குனிந்து டப்பாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், இது என்ன? செத்த பார்த்துச் சொல்லுங்க. நீங்கதான் எல்லாம் சாப்பிடுறவங்க, உங்களுக்குத்தான் தெரியும்."

தெரிந்துதான் வந்திருக்கிறார், என் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறார், பொய் சொன்னால் இன்றோடு வேலை போச்சு. இப்படித்தான் ஓடியது என் புத்தி. தனலெட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமே இல்லாமல் பார்த்தாள். நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கை.

"முட்டைதான் மேடம்" என்றேன்.

மேடம் கைக்குட்டையை இறக்கினார். "அப்படியா? பாக்க நல்லாயிருக்கே, உசிலிக்கு என்ன பருப்பு போட்டாங்கன்னு கேக்கலாம்னுல்ல வந்தேன்!"

அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஒருத்தரும் போட்டுக்கொடுக்கவில்லை. போட்டுக்கொடுத்தது நான்தான். இன்றைக்கும் சோற்றில் கை வைத்திருக்கும்போது அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. தெரிந்த பிறகு மேடத்தால் விட முடியவில்லை. ஆயா டப்பாவை வாங்கி வாளியில் கவிழ்த்தார். தனலெட்சுமி அழவில்லை. வெறும் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் அவள் அம்மா டி.சி. வாங்க வந்தது. சண்டை போடும் என்று தயாராக இருந்தேன். போட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"எங்க ஊரு கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல அவுகளே தினம் ஒரு முட்டை அவிச்சுப் போடுறாக டீச்சர். இங்கன காசையும் கட்டி, ஒளிச்சு வச்சுல்ல திங்க வேண்டியிருக்கு." வாசல்வரை போய்த் திரும்பி நின்றது. "நீங்களும் சாப்புடுறவகதானே டீச்சர்? வாரேன்."

அந்தப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சட்டமும் போயிற்று, நோட்டும் போயிற்று. அதெல்லாம் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. வேறொன்று அந்த வாரமே போய்விட்டது. அதுவரை காலையில் வகுப்புக்குள் கால் வைத்தால் போதும், பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். "டீச்சர், நேத்து எங்க வீட்ல அயிரைமீன் கொழம்பு!" "டீச்சர், எங்க மாமா வந்தாக, கோழி அடிச்சோம்!" "எங்கம்மா கருவாட்டைத் தீய விட்ருச்சு டீச்சர்!" வருகைப் பதிவை எடுக்கவிடாமல் நாற்பது வீட்டு அடுப்பும் என் மேசைக்கு வந்துவிடும்.

தனலெட்சுமி போன மறுநாள் நானாகவே கேட்டேன்.

"நேத்து ராத்திரி வீட்ல என்னப்பா சாப்பாடு?"

முன் பெஞ்சுப் பையன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். "சாம்பார் சாதம் டீச்சர்."

அடுத்தவளும் எழுந்தாள். "சாம்பார் சாதம் டீச்சர்."

அந்த வருஷம் முடியும்வரை எப்போது கேட்டாலும் அந்த வகுப்பில் எல்லார் வீட்டிலும் சாம்பார் சாதம்தான்.