காய்ந்த போத்தலில் ஓர் ஆணி

சுபோதினி மிஸ்ஸின் வகுப்பில் டொபி கிடைப்பது பிழை விட்டவருக்கு. இதைச் சொன்னாலே அவர் எப்பேர்ப்பட்ட மனுசி என்று விளங்கிவிடும். பரிசோதனை தொடங்க முன்னர் ஒவ்வொரு பிள்ளையும் என்ன நடக்கும் என்று தன் ஊகத்தைச் சொல்ல வேண்டும். முடிந்த பிறகு எழும்பி, "நான் நினைச்சது பிழை, நடந்தது இதுதான்" என்று சொல்லும் பிள்ளைக்கு மேசைப் போத்தலிலிருந்து ஒரு டொபி. சரியாகச் சொன்னவருக்கு வெறுங்கை. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கொஞ்ச நாளிலேயே வேண்டுமென்று பிழையாகச் சொல்லத் தொடங்கினார்கள். "கல்லு மிதக்கும் மிஸ்" என்று ஒருவன் தலையிலடித்துச் சத்தியம் பண்ணினான். மிஸ் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவனுக்கும் ஒன்று கொடுத்தார்.

என் பெயர் கஜீவன். அவர் தனிவகுப்பு எடுக்கும் அதே ரியூட்டரியில் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறவன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி. என் பக்கம் வாங்குகளில் இருக்க இடம் கொள்ளாத கூட்டம். அவர் பக்கம் சனிக்கிழமை காலையில் ஒரு சின்னக் கூட்டம். எனக்கு ஏன் கூட்டம் வருகிறது என்பதில் எனக்கு மயக்கம் எதுவும் கிடையாது. கேள்வியை வாசிக்காமலே விடை எடுக்கும் வழிகளை நான் சொல்லிக் கொடுக்கிறேன். பெற்றோர் என்னைக் கும்பிடுகிறார்கள்.

சுபோதினி மிஸ் படிக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பிலேயே தங்கிவிட்டவர். முன்பு ஒரு தனியார் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தார். அங்கே ஆய்வுகூடத்துக் கண்ணாடிச் சாமான்களை அலுமாரியில் பூட்டி வைத்து, பெரிய மனிதர்கள் வரும் நாளில் மட்டும் துடைத்து அடுக்குவார்களாம். பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடும் என்று பயம். "உடைக்கட்டுமே சேர்" என்று அதிபரிடம் சொன்னாராம். அதோடு அந்த வேலை போயிற்று. ஏன் கலியாணம் கட்டவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், முதலில் உன் ஊகத்தைச் சொல்லு என்றிருப்பார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கண்ணால் கண்டதைக் கண்டபடி சொல்லும் பிள்ளை ஒன்றையாவது உருவாக்கிவிட வேண்டும். "புத்தகத்தில இருக்கிறதை நானே வாசிப்பன். நீ கண்டதைச் சொல்லு" என்ற அவருடைய குரல் தடுப்பைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒரு சனிக்கிழமை அந்தக் குரல் இல்லாவிட்டால் எனக்கு வகுப்பு ஓடாது.

அந்தப் பாடசாலைத் தவணையில் ஆணிப் பரிசோதனை. மூன்று போத்தல், மூன்று இரும்பாணி. ஒன்று தண்ணீரில். ஒன்று கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், மேலே எண்ணெய் ஊற்றி. மூன்றாவது காய்ந்த போத்தலில், ஈரத்தை இழுக்க ஒரு பிடி அரிசி போட்டு, வாயைத் துணியால் கட்டி. வீட்டு யன்னலோரம் வைத்துப் பார்த்துவர வேண்டும். புத்தகத்தின்படி தண்ணீரில் கிடப்பது மட்டும்தான் துருவேறிக் கறள் பிடிக்கும்.

பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். எல்லாருடையதும் அச்சடித்ததுபோலப் புத்தகப்படி. மிஸ்ஸின் முகம் சுருங்கிவிட்டது. "ஒருத்தருக்கும் வேறை மாதிரி வரேல்லையா?"

வாசலில் நின்ற தேனுஜனின் அம்மா பெருமையோடு சொன்னார்: "எங்கட வீட்டில காய்ஞ்ச போத்தல் ஆணி சாடையாக் கறள் பிடிக்கப் பாத்தது மிஸ். நான் விடேல்லையே. யன்னல் கிறில் கம்பிக்குப் பூசிற எண்ணெயை எடுத்து ஒவ்வொரு நாளும் துடைச்சனான்."

இந்தப் பக்கத்தில் நான் சிரித்த சிரிப்பில் என் வகுப்பே எட்டிப் பார்த்தது.

கடைசியாக வந்தவள் அர்பா. ஏழாம் ஆண்டு. கடலைப் பார்த்த பிளட் வீடொன்றில் இருக்கும் பிள்ளை. அவளுடைய காய்ந்த போத்தல் ஆணி நன்றாகச் சிவந்து போயிருந்தது. பின்னாலேயே அவளுடைய உம்மா ஷிஹாரா கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "வேற ஆணி ஒண்டு மாத்தி வைக்கச் சொன்னேன் டீச்சர். புள்ள கேக்கல்ல."

மிஸ் ஒரு டொபி எடுக்கவில்லை, டொபிப் போத்தலையே தூக்கி அர்பாவின் கையில் கொடுத்தார். "ஏன் இப்பிடி வந்தது?"

"கடல் காத்தா டீச்சர்? எங்கட வீட்டு ஃபேனும் இப்பிடித்தான் சிவந்து போகும்."

"அது உன்ர ஊகம். சரியோ பிழையோ எண்டு எப்பிடிப் பாப்பாய்?"

அர்பா நகத்தைக் கடித்தாள். பிறகு சொன்னாள்: "நுகேகொடைல எங்கட சாச்சிட வீடு ஈக்குது. அங்க கடல் இல்ல. இதே மாதிரிப் போத்தல் ஒண்டு அங்கயும் வைச்சுப் பாக்கட்டா?"

வைத்தாள். வாரங்கள் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். நுகேகொடை ஆணி கடையில் வாங்கியபடியே மினுங்கியது. அன்று வகுப்பு முடிந்ததும் மிஸ் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "கஜீவன், ஒரு பிள்ளை போதும். எனக்கு இந்த ஒரு பிள்ளை காணும்" என்றார். மற்றப் பிள்ளைகள் அதற்குள் ஒவ்வொருவராகத் தடுப்பைத் தாண்டி என் பக்கம் வந்துவிட்டிருந்தார்கள். பரீட்சை வருகிறதே.

அர்பாவின் பாடசாலையிலும் அந்தத் தவணை செய்து கொடுக்க வேண்டிய ஒப்படை அதே ஆணிதான். அவள் கண்டதை அப்படியே எழுதி, இரண்டு போத்தலையும் வரைந்து கொடுத்தாள். குறுக்கே சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது. முடிவு பிழை, திருத்தி எழுதாவிட்டால் புள்ளி இல்லை. புள்ளி இல்லாவிட்டால் அடுத்த வருடம் நல்ல வகுப்பில் இடமும் இல்லை. ஷிஹாரா அழுதுகொண்டு வந்தார். "நாங்க சொல்லிக் கேக்கிறா இல்ல. நான் கண்டது அதுதானே எண்டுறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா டீச்சர்."

மிஸ் போத்தல்கள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். அந்த விஞ்ஞான ஆசிரியர் ஒரு முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! நல்ல மனுசன். கதிரை இழுத்துப் போட்டார். ஆணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் தெரியும் மிஸ். நானும் வெள்ளவத்தைதான். எங்கட வீட்டுக் கிறிலை இப்பதான் திரும்பவும் மாத்தினது. ஆனா புள்ளித் திட்டத்தில காய்ஞ்ச ஆணி கறள் பிடிக்காது எண்டுதான் கிடக்கு. நான் புள்ளி போட்டாலும் மேல பாக்கிறவை வெட்டுவினம். நாளைக்குப் பரீட்சையிலயும் பிள்ளை இப்பிடி எழுதினா நட்டம் ஆருக்கு?"

மிஸ் போத்தல்களைத் திரும்பப் பைக்குள் வைத்தார். நானும் அதைத்தான் தினமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். திரும்பி வரும்போது, "ஊரோடு ஒத்து ஓடத்தான் வேணும் மிஸ்" என்று ஆறுதலுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

சனிக்கிழமை உம்மாவும் மகளும் வந்தார்கள்.

"அர்பா, காய்ஞ்ச போத்தல் ஆணி கறள் பிடிக்கேல்லை எண்டு எழுதிக் குடு" என்றார் மிஸ்.

"பிடிச்சதே டீச்சர்."

"ஓம். பிடிச்சது."

"அப்ப நான் கண்டது பிழையா?"

"இல்லை. நீ கண்டது சரி."

"அப்ப ஏன்?"

நான் கையில் சோக்கோடு நின்றுவிட்டேன். எத்தனையோ 'ஏன்'களுக்குச் சந்தோசப்பட்ட மனுசி அவர். "எழுது மகள்" என்று மட்டும் சொன்னார். ஷிஹாரா அவருடைய கையைப் பிடித்து, "அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான் டீச்சர்" என்றார்.

அர்பாவுக்கு முழுப் புள்ளி கிடைத்தது. ஷிஹாரா இனிப்பாக வட்டிலப்பம் செய்து அனுப்பினார். மிஸ் அதை அப்படியே என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த கிழமை மெழுகுதிரிப் பரிசோதனை. எரியும் இரண்டு திரிகளைச் சின்னக் கிளாஸ் ஒன்றாலும் பெரிய கிளாஸ் ஒன்றாலும் மூட வேண்டும். தடுப்பின் இடைவெளியால் எனக்கு எல்லாம் தெரிந்தது. வந்திருந்தது அர்பா மட்டும்தான். புதிய டொபிப் போத்தல் ஒன்று வழமைபோல மேசையில் இருந்தது.

"எது முதல்ல அணையும்? சொல்லு பாப்பம்" என்றார் மிஸ். வேறு நாளென்றால் கேள்வி முடிய முன்னர் அர்பா கையைத் தூக்கியிருப்பாள்.

"என்ன வரணும் டீச்சர்?" என்று கேட்டாள்.

"என்ன?"

"விடை. என்ன வரணும் எண்டு சொல்லுங்க. எழுதிக்கொள்றேன்."

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. நல்ல பிள்ளையாக, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டாள். மிஸ் ஏச வேண்டும், மேசையில் அடித்துக் கத்த வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டு நின்றேன்.

"சின்னக் கிளாஸ்" என்றார் சுபோதினி மிஸ்.

அர்பா அதை எழுதினாள். கீழே கோடு கிழித்தாள். அதற்குப் பிறகுதான் நெருப்புக்குச்சியை உரசினாள்.