பின்கதவு ராசி

கடைத்தெருவில் அவருக்குப் பூட்டம்மா என்று பெயர். தீயணைப்புத் துறையில் ஆய்வாளர் வேலை. கடை, ஓட்டல், சினிமா தியேட்டர் என்று ஆள் கூடுகிற எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் கண் பூட்டைத்தான் தேடும். நேரே பின்பக்கம் போய் அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்ப்பார். திறக்காவிட்டால், "சாவி யார்கிட்ட?" என்று கேட்பார். கடைத்தெரு முழுக்க இதற்கு ஒரே பதில்தான்.

"மேனேஜர்கிட்ட இருக்கும்மா. சாப்பிடப் போயிருக்காரு."

"அவர் சாப்பிட்டு வர்ற வரைக்கும் தீ காத்திருக்குமா?" என்பார் பூட்டம்மா. பதில் சொன்னவர் அசடு வழிவார். அடுத்த முறை போனாலும் மேனேஜர் சாப்பிடத்தான் போயிருப்பார்.

இந்த வேலைக்கு வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில்லை. கட்டட வரைபடம் போடப் படித்தவர். வேலை கிடைத்தது இங்கே. பயிற்சியின்போது ஓர் இருட்டறையில் புகையை நிரப்பி, வழி கண்டுபிடித்து வெளியே வரச் சொன்னார்கள். தரையோடு தரையாக ஊர்ந்து, சுவரைத் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்துவிட்டார். தள்ளினால் நகரவில்லை. பயிற்சி கொடுத்தவர் வேண்டுமென்றே வெளியே தாழ் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்று சிரித்தார். புகைகூடப் பூட்டம்மாவை அவ்வளவு பயமுறுத்தவில்லை. கைக்குக் கிடைத்த கதவு திறக்காமல் நின்றதே, அதுதான் நெஞ்சில் தங்கிவிட்டது.

கல்யாணமும் ஒரு கதவால்தான் நடந்தது. ஒருநாள் பஸ்ஸில் ஏறியவர், அவசர வழிக் கதவைத் திறந்து காட்டும்படி ஓட்டுநரிடம் கேட்டார். ஓட்டுநர் இழுத்தார், உதைத்தார், தோளால் முட்டினார். பயணிகள் சிரித்தார்களே தவிர, கதவு அசையவில்லை. மறுநாள் அதே ஓட்டுநர் கதவுக்கு எண்ணெய் விட்டு வைத்துக்கொண்டு, "இப்பத் தள்ளிப் பாருங்க" என்றார். பேச்சு அப்படித்தான் தொடங்கியது. "நான் பாட்டுக்கு வண்டி ஓட்டிட்டு இருந்தேன். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்துட்டா" என்று கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பூட்டம்மாவை அதிகம் பாடாய்ப்படுத்தியது ஒரு பெரிய துணிக்கடை. மாடிக்கு மேல் மாடி. பின்பக்கப் படிக்கட்டு முழுக்க அட்டைப் பெட்டி. படிக்கட்டுக் கதவில் முரட்டுப் பூட்டு.

"திறந்து வச்சா துணியைச் சுருட்டிட்டுப் பின்பக்கமா போயிடுவாங்கம்மா" என்பார் முதலாளி.

முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆய்வுக்குப் போனால் படிக்கட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒருமுறை ஆய்வு முடிந்து தெருமுனை வரை போனவர், மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தார். அதற்குள் பெட்டிகள் ஆள் தோளில் ஏறி, வரிசையாகப் பழைய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பூட்டம்மா குடையை எடுத்துக்கொண்டார். மேல்மாடியை மூடச் சொல்லி உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி மேலதிகாரியிடம் ஓடினார். மேலதிகாரி பூட்டம்மாவைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்துப் போகக் கூடாதாம்மா?" என்றார்.

"பார்த்ததாலதான் சார் மூடினேன்."

வேறு வழியில்லாமல் முதலாளி பெட்டிகளை எடுத்தார். பூட்டைக் கழற்றிவிட்டு, தள்ளினால் திறக்கிற கம்பியைப் பொருத்தினார். கதவு திறந்தால் மணி அடிக்கும்படியும் செய்தார். அதன்பிறகுதான் மேல்மாடி திறந்தது. பூட்டம்மாவைத் தெருவில் கண்டால் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு மதிய நேரம், கடையில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தபோது, துணி போட்டுப் பார்க்கும் அறையில் மின்விசிறி ஒயர் பற்றிக்கொண்டது. முன்பக்கப் படிக்கட்டு புகையில் மறைந்துபோனது. யாரோ பின்கதவைத் தள்ளினார்கள். மணி அடித்தது. மேலே இருந்த அத்தனை பேரும் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பேண்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நொண்டிக்கொண்டே வந்தார். தீயணைப்பு வண்டி வந்து தீயை அணைத்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை.

பூட்டம்மா ஓடி வந்தபோது முதலாளி தலையில் கைவைத்து நின்றார்.

"பார்த்தீங்களாம்மா? உங்க பேச்சைக் கேட்டுக் கதவைத் திறந்து வச்சேன். கையில இருந்த துணியோட எல்லாரும் இறங்கிப் போயிட்டாங்க!"

"எல்லாரும் இறங்கிட்டாங்கல்ல?"

"அதைத்தான் நானும் சொல்றேன்! ஒருத்தர்கூட மிச்சமில்ல!"

மறுநாள் காலை கணவர் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தார். "'அதிர்ஷ்டவசமாக யாருக்கும் காயம் ஏற்படவில்லை.' ஏம்மா, இத்தனை வருஷம் கூட இருந்தும் உன் பேரு அதிர்ஷ்டம்னு எனக்குத் தெரியாமப் போச்சே?"

பூட்டம்மா சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் சுருங்கியது. "ஏங்க, அதிர்ஷ்டமா வந்து பெட்டி தூக்குச்சு? அதிர்ஷ்டமா பூட்டைக் கழட்டுச்சு?"

கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

கூத்து அதன்பிறகுதான். எரிந்த கடையை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், கடையைத் திரும்பத் திறந்ததும் துணி வாங்கவும் வந்தது. வியாபாரம் முன்பைவிடப் பிய்த்துக்கொண்டு போனது. முதலாளி யோசித்துப் பார்த்தார். மின்சாரத்தைக் கவனித்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. "எல்லாம் அந்தம்மா கால் வச்ச ராசி" என்று அவருக்குத் தோன்றியது. அதைத் தெருவெல்லாம் சொன்னார். பூட்டம்மா ராசிக்காரம்மா ஆகிவிட்டார். அவரைக் கண்டால் ஷட்டரை இறக்கியவர்கள் எல்லாம், "ஒரு எட்டு உள்ளே வந்துட்டுப் போங்கம்மா" என்று வாசலில் நின்று கெஞ்சினார்கள்.

கடைக்காரர்கள் திட்டியபோது வராத கோபம் அவருக்கு இப்போது வந்தது.

புதிதாகத் திறக்க இருந்த ஓர் ஓட்டலுக்கு ஆய்வுக்குப் போனார். பின்கதவில் சங்கிலி தொங்கியது. ஓட்டல்காரர் சங்கிலியைப் பற்றிப் பேசவே இல்லை. "முதல்ல நீங்கதான்மா கால் வைக்கணும்" என்று முன்வாசலையே காட்டினார். எந்த விதி, எந்தப் பிரிவு என்று சொல்ல வாயைத் திறந்த ராசிக்காரம்மாவுக்கு வேறு என்னவோ வந்தது.

"என் ராசி முன்பக்கமா வராதுங்க. பின்கதவு வழியா வந்தாத்தான் பலிக்கும். நடுவுல பூட்டு, சங்கிலி, மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. என்னிக்கு அடைக்கிறீங்களோ அன்னிக்குப் போயிடும்."

ஓட்டல்காரர் ஆளைக் கூப்பிடவில்லை. தானே ஓடிப்போய்ச் சங்கிலியைக் கழற்றினார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. "விதின்னு சொன்னா யாரும் அசையல. ராசின்னா விழுந்தடிச்சு ஓடறாங்க. அப்புறம் நான் எதுக்குப் படிச்சேன்?"

"நீ படிச்சது வரைபடம் போடத்தானேம்மா" என்றார் கணவர்.

பிறகு ராசிக்காரம்மா தயங்கவில்லை. கடைத்தெருவில் பின்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முன்வாசலில் குப்பை கிடந்தாலும் பின்வாசல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேலதிகாரி அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "இப்பத்தான்மா நீ பக்குவமாப் பேசக் கத்துக்கிட்டே" என்றார். ராசிக்காரம்மா தலையாட்டினார். அந்த ஒரு இடத்தில் மட்டும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

துணிக்கடை முதலாளி இரண்டாவது கடையைத் திறந்தார். திறப்பு விழாவுக்கு வீடு தேடி வந்து அழைத்தார். ராசிக்காரம்மா சொன்னபடி பின்பக்கமாகப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். பின்கதவை மறைத்துக்கொண்டு ஆள் உயரப் பூஜாடிகள். அதற்குப் பின்னால் வெல்வெட் சோபா, வரவேற்பு மேசை, குறுக்கே கட்டிய சிவப்பு ரிப்பன். ஒரு பூனை நுழைய வேண்டுமென்றாலும் யோசித்துத்தான் நுழைய வேண்டும்.

"என்னங்க இது?"

"உங்களுக்குத்தான்மா!" முதலாளிக்கு வாயெல்லாம் பல். "ராசி வர்ற வாசலாச்சே, வெறுமனே விட முடியுமா?"

ராசிக்காரம்மா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். கத்தலாம் என்றுதான் நினைத்தார்.

"என் ராசி கொஞ்சம் குண்டுங்க. இடிச்சுக்கிட்டு வராது. எல்லாத்தையும் எடுங்க."

சோபா போனது. மேசை போனது. ஜாடிகளைத் தூக்க ஆள் போதாமல் முதலாளியும் கைகொடுத்தார். காலியான படிக்கட்டில் ராசிக்காரம்மா மேல்மாடி வரை ஏறினார். கீழேயிருந்து முதலாளியின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"அம்மா! முன்பக்கமா இறங்கிடாதீங்க! ராசி கலைஞ்சிடும்!"

மேலே திறப்பு விழாக் கூட்டம் நின்றது. கடை ஆட்களும் நின்றார்கள். ஆபத்து நேரத்தில் இறங்கிப் பழக வேண்டும், ஒருநாள் எல்லாரையும் இறக்கிப் பாருங்கள் என்று அவர் எத்தனையோ முறை கேட்டு, வியாபார நேரத்தில் முடியாது என்று கைவிரித்தவர் இந்த முதலாளி. ராசிக்காரம்மா கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"நான் மட்டும் இறங்கினாப் போதாதுங்க. மேல இருக்கிற அத்தனை பேரும் என் பின்னாலயே இறங்கணும். அப்பத்தான் நிக்கும்."

"அவ்வளவுதானேம்மா!" என்று முதலாளி இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார். விற்பனைப் பெண்கள், தையல்காரர், முதலாளியின் மாமனார், மச்சான், பையைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர்கள், எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினார்கள். "தள்ளாதீங்க, ஓரமா வாங்க, பெரியவருக்கு வழி விடுங்க" என்று முதலாளியே கூட்டத்தை ஒழுங்கு செய்தார்.