யன்னலில் கொம்பு ஊதியவள்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, எங்கள் புறநகரான கர்க்லாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே ரொறொன்ரோவிலிருந்து அண்ணை போன் எடுத்துவிட்டார்.

“ஆட்டுக்காரி எங்க வெளிக்கிட்டிட்டா?”

மகள் ஆரணி சிரித்தபடி போனைப் பறித்தாள். “மொன்றியல் பாக்கப் போறம் மாமா. இவ்வளவு காலம் இங்க இருந்தும் அம்மா கொஸ்ட்கோ கடையைத்தான் பாத்திருக்கிறா.”

அண்ணை என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். ஊரில் நாங்கள் ஆடு வளர்த்தோம் என்று ஆரணி நினைத்திருந்தாள். நான் திருத்தவில்லை.

அவளுக்குப் பதினேழு வயது. அடிமைமுறை பற்றிப் பள்ளியில் படிக்கிறாள். பழைய மொன்றியலில் அதைப் பற்றி நடந்தபடியே விளக்கும் சுற்றுலாவுக்கு என்னையும் இழுத்துப் போனாள். பஸ், பிறகு மெட்ரோ. பிளாஸ் டார்ம் நிலையத்தில் இறங்கி, கல் பாவிய தெருவழியே ஆற்றுப் பக்கம் நடந்தோம்.

வழிகாட்டி இதே நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். முதல் திருப்பத்திலேயே சொன்னார்: “அடிமைகளை அமெரிக்காவில் மட்டும் தேடாதீர்கள். இந்தத் தெருவிலும் விற்றார்கள்.” பிள்ளை பயமில்லாமல் வளரட்டும் என்று நான் தேடி வந்த நகரம் இது. காலடியில் இருந்த கல்லைப் பார்த்தேன். பிறகு நிமிரவே மனம் வரவில்லை.

பழைய துறைமுகத்தில் நிறுத்தி இன்னொரு கதை சொன்னார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, பென்சில்வேனியாவில் ஒரு கல்வீடு. அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்கள் உள்ளே. அவர்களைத் தன் உடைமை என்று சொன்னவன் விடியற்காலையில் ஆட்களோடும் பிடியாணையோடும் வந்து சூழ்ந்தான். வீட்டுக்காரி மாடி யன்னலில் கொம்பு ஊதினாள். அவளை நோக்கிச் சுட்டார்கள். அவள் யன்னலுக்குக் கீழே குனிந்திருந்து ஊதினாள். அதைக் கேட்டு அயலவர்கள் துவக்கோடும் அரிவாளோடும் ஓடி வந்தார்கள். உரிமை கேட்டு வந்தவன் செத்தான். வீட்டுக்காரர் கனடாவுக்குத் தப்பினார்.

அவன் செத்தான் என்று கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. துவக்கின் படம் கண்டாலே டிவியை நிறுத்துகிறவள் நான். அந்த நிம்மதி என்னை உலுக்கிவிட்டது. துறைமுகத்தின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா, ஏன் நிண்டிட்டீங்கள்?”

“ஒண்டுமில்லை. வீட்ட போய்ப் பேந்து கதைப்பம்.”

“உங்கட பேந்து ஒருநாளும் வாறேல்லை அம்மா.”

திரும்பும் மெட்ரோவில் எதிர் இருக்கையில் ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன்.

ஊரில் சண்டைக் காலத்தில், இளைஞர்களைப் பிடிக்க எங்கள் ஒழுங்கைக்குள் ஆமி நுழைந்தால், முதல் வீட்டுப் பெண் வேலியடியில் நின்று ஆட்டைக் கூப்பிடுவாள். கேட்டதும் அடுத்த வீட்டுப் பெண் கூப்பிடுவாள். பெடியள் பின்வேலியால் பாய்ந்துவிடுவார்கள். ஒருநாள் அம்மா சந்தைக்குப் போயிருந்தா. அண்ணை உள்ளே படுத்திருந்தார். ஆமி வந்தது, நான் கூப்பிட்டேன். “கறுப்பி, வா, கறுப்பி.” ஒரு ஆமிக்காரன் வந்து துவக்கை என் நெஞ்சில் வைத்து, ஆட்டைக் காட்டு என்றான்.

“காட்டினீங்களா?”

“அவனைக் கூட்டிக்கொண்டு வளவெல்லாம் தேடினன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினன். அண்ணை தோட்டத்தைத் தாண்டிற வரைக்கும்.”

“ஆடு?”

“எங்களிட்ட ஆடே இருக்கேல்லை.”

ஆரணி என் கையைப் பிடித்தாள். “அப்ப உங்களுக்கு எத்தினை வயசு?” என்றாள்.

“உன்ர வயசு.”

அந்தக் கல்வீட்டுக்கு ஓடிவந்தவர்களிடம் துவக்கு இருந்தது. எங்கள் ஒழுங்கையில் பெண்களின் குரல் மட்டும் இருந்தது. துவக்கு இருந்திருந்தால் நான் எடுத்திருப்பேனா என்று காலையில் கேட்டிருந்தால், இல்லை என்று உடனே சொல்லியிருப்பேன்.

கர்க்லாண்டில் பஸ்ஸால் இறங்கியபோது மழை. போன் அடித்தது. அண்ணைதான். ஆரணி எடுத்தாள்.

“ஆட்டுக்காரி வந்து சேந்திட்டாவோ?”

காலையில் சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை.

“ஓம் மாமா,” என்றாள். “வந்திட்டா.”